முடி வளரட்டும்

கல்பகத்திடம் பொய் சொல்லித் தப்பித்தவர்கள் மல்காஜ்கிரியிலேயே கிடையாது என்று அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் பேச்சு. உடம்பு சரியில்லை என்று வேலைக்காரி போனில் முனகினால், பின்னால் லேசாகக் கேட்கும் கல்யாண மேளத்தை வைத்தே மடக்கிவிடுவாள். கறிகாய்க்காரன் நேற்றைய வெண்டைக்காயைத் தண்ணீர் தெளித்து நீட்டினால், அவள் காயைப் பார்க்க மாட்டாள், அவன் மூஞ்சியைத்தான் பார்ப்பாள். அவனே கையை இழுத்துக்கொள்வான். இப்படிப்பட்டவளை ஒருவன் ஒரு வருஷத்துக்கு மேல் ஏமாற்றினான் என்றால் அவன் லேசுப்பட்ட ஆளாக இருக்க முடியாது. அவள் பெற்ற பிள்ளைதான் அவன். பெயர் அபிநவ்.

அவளும் பொய்க்காரிதான், அதையும் சொல்லிவிட வேண்டும். கணவர் சக்ரபாணி மஞ்சள் காமாலையில் போனார் என்று கும்பகோணத்து உறவுக்காரர்களிலிருந்து எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மாள் வரைக்கும் எல்லோரையும் நம்ப வைத்தவள் அவள். சக்ரபாணி உப்பலைத் தாண்டி, ராணுவத்துக்குக் கருவிகள் செய்யும் ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் இருந்தார். ஜுரமும் பேதியுமாக விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. எச்.ஐ.வி. என்றார்கள். யாரிடமிருந்து, எங்கே, எப்போது என்று அவள் ஒரு நாளும் அவரைக் கேட்கவில்லை. கேட்டு என்ன வாழப்போகிறது என்று விட்டுவிட்டாள். பிறகு அவள் ரத்தத்தையும் ஐந்து வயது அபிநவின் ரத்தத்தையும் எடுத்தார்கள். இரண்டிலும் இருந்தது. பிள்ளைக்கு அது தன்னிடமிருந்துதான் போயிருக்கிறது என்று தெரிந்தபோதுதான் கல்பகம் உடைந்தாள். புருஷன் செத்ததற்குக்கூட அவள் அப்படி அழவில்லை.

கணவர் வேலைக்குப் பதிலாக அதே தொழிற்சாலை ஆபீசில் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவள் வாழ்க்கை இரண்டு சின்ன எவர்சில்வர் கிண்ணங்களுக்குள் அடங்கிவிட்டது. காலையில் காபி போட்டதும் ஒரு கிண்ணத்தில் தன் மாத்திரை, இன்னொன்றில் பிள்ளையின் மாத்திரை. கல்யாணம், காது குத்து, கோவிட் எது வந்தாலும் அது தவறவில்லை. நெஞ்சுக்குப் பலம் என்று சொல்லித்தான் அபிநவுக்குக் கொடுத்து வந்தாள். அவன் ஒன்பதாவது படிக்கும்போது, இனிமேல் மறைக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரிக் கவுன்சிலர் எலிசபெத்தான் அவனிடம் உண்மையைச் சொன்னாள். எலிசபெத் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். எச்.ஐ.வி. பிரிவில் வருஷக்கணக்காக இருப்பவள். அவனைச் சின்னப் பிள்ளையிலிருந்து தெரியும். விஷயத்தைக் கேட்டு அவன் அழவில்லை. கிரிக்கெட் ஆடலாமா என்று தெலுங்கில் கேட்டான். ஆடலாம் என்றாள். எழுந்து போய்விட்டான். எவ்வளவு பக்குவமான பிள்ளை என்று கல்பகத்துக்கு அன்றைக்கு ஒரே பெருமை.

அவன் கல்லூரியில் சேர்ந்த பிறகு ஒரு மாறுதல் வந்தது. அவள் ஏழு மணிக்கே ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அவன் எட்டு மணிக்கு முன்னால் போர்வையை விட்டு வெளியே வர மாட்டான். அதனால் மாத்திரையைக் கிண்ணத்தில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றுமுன் மேஜையைப் பார்ப்பாள். கிண்ணம் காலியாக இருக்கும். அவளுக்கு அது போதும். ஊரையே சந்தேகப்பட்டவள் ஒரு காலிக் கிண்ணத்தை நம்பினாள்.

வருஷத்துக்கு ஒரு முறை ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பார்கள். கல்பகத்துக்கும் சரி, அபிநவுக்கும் சரி, தேடினாலும் கிடைக்காத அளவுக்குத்தான் எப்போதும் இருக்கும். அவனுக்குப் பத்தொன்பது வயதான வருஷம் அது ஆயிரக்கணக்கில் ஏறியிருந்தது. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறானா என்று டாக்டர் ரஷ்மி கேட்டார். கேட்டதே கல்பகத்துக்குப் பொறுக்கவில்லை. என் பிள்ளை ஒரு வேளை தவற மாட்டான் என்று சூடாகவே சொன்னாள். அங்கே அப்போது ஒரு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. நோயாளியின் ரத்தத்தில் மருந்து எவ்வளவு நிற்கிறது என்று அளந்து பார்க்கும் ஆராய்ச்சி. அதில் டாக்டர் அபிநவையும் சேர்த்துக்கொண்டார். அடுத்த தடவை வந்தபோது ரத்தம் எடுத்தார்கள். இருக்க வேண்டிய அளவுக்கு மருந்து அப்படியே இருந்தது.

கல்பகத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நான் சொல்லவில்லையா என்கிற மாதிரி எலிசபெத்தைப் பார்த்தாள். ஆனால் சில மாதம் கழித்து எண்ணியபோது வைரஸ் இன்னும் ஏறியிருந்தது. ரத்தத்தில் மருந்தும் நிறைய இருந்தது. மருந்தும் இருக்கிறது, வைரஸும் கொழுக்கிறது என்றால் என்ன அர்த்தம்? டாக்டர் ரஷ்மி ஹிந்தியில் நிதானமாக விளக்கினார். ஒன்று, வைரஸ் இந்த மருந்துக்குப் பழகிவிட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு மாதிரி இருக்க வேண்டும். ரத்தம் இரண்டு மூன்று நாள் கதையைத்தான் சொல்லும், அதற்கு முந்தியது அதற்குத் தெரியாது. தலைமுடி அப்படி இல்லை. மாதத்துக்கு ஒரு விரற்கடை வளர்கிறது, அந்த மாதம் சாப்பிட்ட மருந்து அந்த விரற்கடை முடிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அடுத்த தடவை பின்னந்தலையிலிருந்து ஒரு சிட்டிகை முடி வெட்டி எடுத்தால் பல மாதக் கதை தெரிந்துவிடும் என்றார். அபிநவ் பக்கத்து நாற்காலியில் போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

அந்த வாரமே, சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டைப் பார்த்தபடி திருமலைக்குப் போகலாமா என்றான். முடி கொடுக்கிறேன் என்றான். கல்பகத்துக்குக் கையிலிருந்த கரண்டி நழுவியது. அவன் அப்பா படுத்த நாளிலிருந்தே அவள் மனத்தில் கிடக்கும் வேண்டுதல் அது. கூப்பிடும்போதெல்லாம் 'நக்கோமா, நக்கோமா' என்று தட்டிக் கழித்தவன், தானாக வாய் திறந்து கேட்கிறான். பெருமாளே கூப்பிட்டுவிட்டார் என்று நினைத்தாள். மறுநாளே டிக்கெட்டுக்கு ஆளைப் பிடித்து, இரண்டு பேரும் காச்சிகுடாவில் ரயில் ஏறினார்கள்.

மொட்டை போடும் கூடத்தில் அவனுக்குப் பக்கத்திலேயே நின்றாள். சீட்டோடு கொடுத்த பிளேடு புதுசுதானா என்று உறையைப் பிரிக்கும்போதே பார்த்துக்கொண்டாள். நாவிதர் தலையை நனைத்து வழிக்க ஆரம்பித்தார். காதுக்குப் பின்னால் ஓரிடத்தில் கீறி, குண்டூசி முனை அளவுக்கு ரத்தம் வந்தது. முடிந்ததும் நாவிதர் பிளேடைத் தொட்டியில் போடப் போனார். கல்பகம் குறுக்கே கையை நீட்டி, எனக்கு வேண்டும் என்று வாங்கி, காகிதத்தில் நாலு சுற்றுச் சுற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். வேண்டுதலோ என்னவோ என்று அவர் விட்டுவிட்டார். அபிநவ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சுருட்டைச் சுருட்டையாக விழுந்து கிடந்த முடியை ஒரு பெண் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டு போனாள். சந்நிதியில் கல்பகம் வாய்விட்டு அழுதாள். பிள்ளை கண்ணும் கலங்கியிருந்தது. அதைப் பார்த்த திருப்தி அவளுக்கு ஆயுசுக்கும் போதுமானதாக இருந்தது.

அந்தத் திருப்தி ஆஸ்பத்திரிக்குப் போகும் வரைதான் இருந்தது. எலிசபெத் கையில் சின்னக் கத்தரிக்கோலும் அலுமினியத் தாளுமாகத் தயாராக உட்கார்ந்திருந்தாள். கதவைத் திறந்துகொண்டு மொட்டைத் தலை உள்ளே வந்தது. எலிசபெத் கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்துவிட்டாள்.

"முடி குடுக்கலாம்னு யாரும்மா சொன்னது?"

"அவனேதான் சொன்னான்" என்றாள் கல்பகம் பெருமையாக.

சொல்லிவிட்டு வாயை மூடுமுன் அவளுக்கே புரிந்துவிட்டது. கல்யாண மேளத்தைப் போனில் பிடித்தவள், பிள்ளையின் குட்டை உடைக்கக்கூடிய ஒரே சாட்சியை, ரயில் டிக்கெட் எடுத்துக் கூட்டிக்கொண்டு போய், பக்கத்தில் நின்று, தானே வழித்துப் போட வைத்திருக்கிறாள். பெருமாளிடம் கொடுத்த முடியைத் திருப்பிக் கேட்கவா முடியும்? அபிநவ் மொட்டைத் தலையைத் தடவியபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வீட்டுக்கு வந்து கதவைத் தாளிட்டதும் கேட்டாள். அவன் மறைக்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாகவே மாத்திரை போடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக நாலு நாள் இருக்கும்போது மட்டும் போடுவான். பரீட்சைக்கு முந்தின நாள் புஸ்தகத்தைத் திறக்கிற மாதிரிதான் என்றான். மற்ற மாத்திரைகள் எங்கே என்றாள். பால்கனி குரோட்டன்ஸ் தொட்டி மண்ணுக்குள் என்றான். ஏன் என்று கேட்டதற்குத்தான் அவனுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தமிழும் தெலுங்கும் ஹிந்தியுமாகக் கலந்து ஏதேதோ சொன்னான். பல்கூட விளக்குமுன் அந்தக் கிண்ணம் மேஜையில் உட்கார்ந்துகொண்டு நீ இன்னார் என்று தினமும் சொல்கிறதாம். ஒரு நாள் போடாமல் இருந்து பார்த்தானாம், ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நாளும் ஒன்றும் ஆகவில்லை. அப்படியே விட்டுவிட்டானாம்.

"ஆனா திருமலைலேர்ந்து போடறேம்மா. டெய்லி. பெருமாள் மேல சத்தியம்."

"அவரை ஏண்டா இழுக்கறே? அவரையும்தானே ஏமாத்திட்டு வந்தே" என்றாள் கல்பகம்.

அன்றிலிருந்து அந்த வீடு ஜெயிலாகிவிட்டது. விடிந்ததும் அவனை எழுப்பி உட்கார வைத்து, தன் கண் முன்னால் விழுங்கச் சொல்வாள். வாயைத் திற என்பாள். நாக்கைத் தூக்கு என்பாள். போன் டார்ச்சை அடித்து இரண்டு கன்னத்துக்குள்ளும் பார்ப்பாள். பிறகு குளியலறைக் கதவில் காதை வைத்து, வாந்தி எடுக்கிறானா என்று கேட்டுக்கொண்டு நிற்பாள். ஆபீஸ் பஸ் பல நாள் அவளை விட்டுவிட்டுப் போனது. அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. திற என்றால் திறந்தான், தூக்கு என்றால் தூக்கினான். இவ்வளவு சாதுவாக இருக்கிறானே என்பதே அவளுக்குப் புதுச் சந்தேகத்தைக் கொடுத்தது. மூன்று மாதம் ஆகட்டும், வைரஸைத் திரும்ப எண்ணிப் பார்த்துவிட்டு மருந்தை மாற்றுவதா என்று யோசிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது வரை பொறுக்க வேண்டியதுதான்.

இரண்டு மாதம் நெருங்கும்போது ஒரு பெருமழை அடித்தது. மறுநாள் தொட்டியில் மண் கரைந்து, ஊறிப்போன வெள்ளை மாத்திரைகள் மேலே தெரிந்தன. கல்பகம் அவற்றை ஒரு தட்டில் பொறுக்கி வந்து அவன் முன்னால் வைத்தாள். பழசும்மா, எல்லாம் முன்னாடி போட்டது என்றான். அவள் நம்பவில்லை. டார்ச் அடித்தும் தன்னை ஏமாற்றுகிறான், கன்னத்தில் ஒதுக்கித் தொட்டியில் கொண்டுபோய்த் துப்புகிறான் என்றே முடிவு கட்டிவிட்டாள். மழைக்கு முன்னால் அந்த மண்ணை அவள் ஒரு தடவை கிளறிப் பார்த்திருந்தால் எது பழசு, எது புதுசு என்று தெரிந்திருக்கும். எல்லாவற்றையும் மோப்பம் பிடிப்பவளுக்கு அது தோன்றவே இல்லை.

அந்த வாரம் அவனுக்கு ஜுரம் வந்தது. தலைவலி என்று சுவரில் முட்டிக்கொண்டான். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ஆஸ்பத்திரியில் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்துவிட்டு, மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் டி.பி. பிடித்திருக்கிறது என்றார்கள். உடம்பு ரொம்ப நாளாகப் பாதுகாப்பில்லாமல் திறந்து கிடந்திருக்கிறது, அப்போதே உள்ளே வந்தது இப்போது தலையெடுத்திருக்கிறது என்றார் டாக்டர் ரஷ்மி. கல்பகத்துக்கு டாக்டர் சொன்னதில் 'பாதுகாப்பில்லாமல்' என்ற ஒன்றுதான் காதில் விழுந்தது.

சாயங்காலம் வார்டில் கூட்டம் குறைந்ததும் அவள் கட்டிலோரம் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பவாவது நிஜத்தைச் சொல்லுடா. இந்த ரெண்டு மாசமும் பொய்தானே?"

வீட்டில் பாதிக்குப் பாதி தெலுங்கிலேயே பதில் சொல்கிறவன், அன்றைக்குத் தமிழில் சொன்னான்.

"முடி வளரட்டும்மா. அப்பத் தெரியும்."

"வளர்ந்தப்புறம் அதை எந்தக் கோவில்ல கொண்டு போய்க் கொடுப்பியோ" என்றாள் கல்பகம்.

கோபம்தான். பயத்தில் வந்த கோபம். ஆனாலும் சொன்னாள், அவன் காதில் விழும்படி சொன்னாள். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் காலையில் அவள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது எலிசபெத் வார்டுக்கு வந்தாள். கல்பகம் திரும்பி வரும்போது, அவன் ஒருக்களித்துப் படுத்துப் பின்னந்தலையைக் காட்டிக்கொண்டிருந்தான். எலிசபெத் தோலோடு ஒட்ட ஒரு சிட்டிகை முடியை வெட்டி, வேர்ப் பக்கம் எது என்று அடையாளம் வைத்து, அலுமினியத் தாளில் மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு விரற்கடைகூட முழுதாக இருக்காது. இதுவும் ஒரு நாடகம் என்றுதான் கல்பகத்துக்குத் தோன்றியது. மருந்துப் பையை ஸ்டூலில் வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். அன்று மத்தியானம் அவனுக்கு வலிப்பு வந்தது. அதற்குப் பிறகு அவன் கண் திறந்து யாரையும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டான்.

மூளைக் காய்ச்சல் என்று உறவுக்காரர்களிடம் சொன்னாள். இந்தத் தடவை அது பெரிய பொய்யும் இல்லை. காரியங்களெல்லாம் முடிந்து, வந்தவர்கள் ரயிலேறிப் போன பிறகு அவள் ஆபீசுக்குப் போக ஆரம்பித்தாள். பக்கத்து மேஜைக்காரர்கள் அவளைப் பார்த்துப் பேச்சைத் தாழ்த்திக்கொண்டார்கள். அவள் மனத்தில் துக்கத்தோடு கோபமும் இருந்தது. கடைசி வரைக்கும் பொய் சொல்லிவிட்டுப் போனானே, பெற்றவளிடம்கூட உண்மையாக இருக்கவில்லையே என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அவன் படத்துக்கு மாலை போட்டாளே தவிர, முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எலிசபெத் வீட்டுக்கே வந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்தப் படியேறியதில்லை. யார் என்று அக்கம்பக்கத்தில் கேட்டுவிடுவார்களே என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் யாருமே நோயாளி வீட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. கல்பகம் காபி போடப் போனாள். எலிசபெத் அவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"முடியோட ரிசல்ட் வந்துடுச்சும்மா. நுனியிலேர்ந்து வேர் வரைக்கும் மருந்து இருக்கு. ஒரு நாள்கூட அவன் விடலை."

எலிசபெத் சொல்லிக்கொண்டு போனாள். நுனி என்றால் மொட்டை போட்டவுடன் முளைத்த முடி. அதிலேயே மருந்து இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று எடுத்த ரத்தத்திலும் வைரஸ் மளமளவென்று இறங்கியிருந்ததாம், அந்த முடிவும் இப்போதுதான் வந்ததாம். முடி வெட்டும்போது அவன் ஒன்று சொன்னானாம். திருமலையில் நீங்கள் அந்த பிளேடைச் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டதைப் பார்த்தானாம். நம்மால் முன்பின் தெரியாத யாருக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று அம்மா இப்படிப் பார்க்கிறாளே, நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று தோன்றியதாம். பையில் நீங்கள் கொண்டுபோயிருந்த மாத்திரையை அன்றைக்கு மலைமேலேயே போட்டுக்கொண்டானாம்.

"அன்னிக்கே எங்கிட்ட ஏன் சொல்லலை?" என்றாள் கல்பகம்.

எலிசபெத் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நானும் நம்பலைம்மா."

அந்த முடியில் மிச்சம் ஏதாவது இருக்கிறதா, ஒரு நூலளவு இருந்தால்கூடப் போதும் என்று கல்பகம் கேட்டாள். இல்லை என்றாள் எலிசபெத். முழுசையும் கரைத்துத்தான் அளப்பார்களாம். எலிசபெத் போன பிறகு கல்பகம் குளியலறைக்குப் போய் அவன் சீப்பை எடுத்துப் பார்த்தாள். மொட்டை போட்டவனுக்குச் சீப்பு எதற்கு என்று திருமலையிலிருந்து வந்த அன்றே அதை அவள் தேய்த்துக் கழுவி வைத்திருந்தாள். பல்லிடுக்கில் ஒன்றுகூட இல்லை. அங்கேயே ஈரத்தரையில் உட்கார்ந்து, 'நம்பறேன்னு ஒரு வார்த்தை சொல்லலையே, ஒரு வார்த்தை சொல்லலையே' என்று தலையிலடித்துக்கொண்டு அழுதாள். எதிர்வீட்டு அம்மாள் வந்து கதவைத் தட்டும் வரை அழுதாள்.

மறுநாள் விடிந்ததும் காபி போட்டாள். தன் கிண்ணத்தை விட்டுவிட்டு அவன் கிண்ணத்தை எடுத்து, அதில் தன் மாத்திரையைப் போட்டுக்கொண்டு அவன் படத்துக்கு எதிரே போய் நின்றாள். தண்ணீர் ஊற்றி விழுங்கினாள். பிறகு படத்தைப் பார்த்து வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினாள். இரண்டு கன்னத்தையும் விரலால் இழுத்துக் காட்டினாள். அப்புறம் பையை எடுத்துக்கொண்டு ஆபீஸ் பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.